பின்சீல் மாற்றியும் ஆயில் நிற்கவில்லை: பழைய டர்போ டீசலில் எஞ்சினைப் பிரிக்குமுன் பார்க்க வேண்டியவை

பர்மாவின் மோல்மேனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 1990களில் வந்த பஜேரோ, 2.5 லிட்டர் டர்போ டீசல், 4டி56 எஞ்சின். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டியது. எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையத்தை, அதாவது பின்சீலை, மாற்றினார்கள், இரண்டு மாதத்தில் மறுபடியும் சொட்டு. ஆயில் கேப்பைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருகிறது. டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றினால் உள்ளே ஆயில். ஒரு மெக்கானிக் டர்போ போய்விட்டது என்கிறார், இன்னொருவர் எஞ்சினை இறக்கி ரிங், பிஸ்டன் எல்லாம் போட வேண்டும் என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்பது கேள்வி. ஆனால் அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு: பெரிய செலவில் இறங்குமுன் எஞ்சினைப் பிரிக்காமலே உண்மையைக் கண்டுபிடிக்க வழி உண்டா, அதுவரை பா-அன் நகர் வரைக்கும் வண்டியை ஓட்டிப் போய்வரலாமா?

வழி உண்டு. ரங்கூனில் டீசல் வேலையிலேயே காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் எழுதியதை வைத்து ஒன்றுதான் உறுதி. புதிய சீல் இரண்டு மாதத்தில் கசிந்தால், ஒன்று அது கசிவின் மூலமே இல்லை, அல்லது உள்ளே அழுத்தம் ஏறி அதைத் தள்ளுகிறது, அல்லது சீல் தரமில்லாததாகவோ கோணலாகவோ உட்கார்ந்திருக்கிறது. கிராங்க் சீல் ஆயில் தெறிப்பைத் தடுக்கச் செய்யப்பட்டது, காற்றழுத்தத்தைத் தாங்க அல்ல. ரிங் போய்விட்டது என்பதோ டர்போ போய்விட்டது என்பதோ இப்போதைக்கு ஊகம்தான். வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் நானும் அதில் எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

முதலில் பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே கசிவது பற்றி ஒரு தெளிவு. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கிராங்க் சுழலும் அறையான கிராங்க் கேஸுக்கு இறங்குவது எல்லா எஞ்சினிலும் நடப்பது, புது எஞ்சினிலும்கூட. ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே இடைவெளி இருக்கத்தான் வேண்டும், அது வழியாகப் போகும். டர்போ டீசலில், லோடு இழுக்கும்போது இன்னும் அதிகமாகப் போகும். அந்த வாயு வெளியேறத்தான் எஞ்சினின் மேல்மூடியான டாப்பட் கவரிலிருந்து ஒரு பிரீதர் குழாய் டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுக் குழாயில் சேர்கிறது. வாயுவோடு ஆயில் பனியும் போகும், டர்போ அதை இழுத்து இன்டர்கூலர் பக்கம் தள்ளும். அதனால் குழாயின் உள்சுவரில் மெல்லிசாக ஆயில் படிந்திருப்பது பழைய வண்டியில் சாதாரணம். கவிழ்த்தால் கொட்டுகிற அளவுக்குத் தேங்கியிருந்தால்தான் கவலை. உங்களுடையது இதில் எது என்று நீங்கள் சொல்லவில்லை.

ஆயில் கேப் சோதனையைப் பலர் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். கேப்பைத் திருப்பிப் போட்டு ஐடிலில் விட்டால், நல்ல எஞ்சினிலும் அது கஞ்சிப் பானை மூடி மாதிரி தாளம் போடும். தூக்கி எறிந்தால் சந்தேகப்படலாம். அதற்குமேல் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை, ஏனென்றால் கேப் வால்வுகளைத் தட்டும் ராக்கருக்கு நேர்மேலே இருந்தால் ராக்கர் அடிக்கும் காற்றே பாதியைச் செய்துவிடும். இன்னொன்று, மழைக்காலத்தில் சின்னச் சின்ன ஓட்டமாக ஓடும் வண்டியில் காலையில் வருவது பெரும்பாலும் நீராவி. கேப்பின் அடியில் வெண்ணெய் மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும். அரை மணி நேரம் நன்றாக ஓட்டிச் சூடேறிய பிறகு திறந்து பாருங்கள். நீராவியானால் குறைந்திருக்கும். பேக் கம்ப்ரஷனானால் குறையாது, எரிந்த டீசல் வாசமும் அடிக்கும்.

இனி கசிவு. எஞ்சினை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவாமல் யார் எதைச் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆல்டர்னேட்டர் மேல் பாலித்தீன் கட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை சுத்தமாகக் கழுவிக் காயவிட்டு, சந்தேகமுள்ள இடங்களில் முகப்பவுடர் தூவி இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் கீழே இறங்கும், ஓடும்போது அடிக்கும் காற்றில் பின்னால் போகும். அதனால் சொட்டுகிற இடம் வேறு, புறப்படுகிற இடம் வேறு. இந்த எஞ்சினில் பின்சீல் மேல் விழும் பழியில் பாதி டாப்பட் கவருக்கு உரியது. கவர் கேஸ்கெட்டின் பின்முனையும் அங்கே உட்காரும் அரைவட்ட ரப்பரும் காய்ந்து இறுகினால், ஆயில் சிலிண்டர் ஹெட்டின் முதுகு வழியாக யாருக்கும் தெரியாமல் இறங்கி, நேராகக் கியர்பாக்ஸின் முன்கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் வந்து சொட்டும். விரலை ஹெட்டின் பின்பக்கம் விட்டுத் தடவுங்கள். பவுடர் அங்கேயே ஈரமாகிக் கோடு போட்டிருந்தால், பின்சீலுக்காகக் கியர்பாக்ஸை இறக்கியது வீண் வேலை. அங்கே காய்ந்திருந்து பெல் ஹவுசிங்கின் உள்ளிருந்து மட்டும் வந்தால் அப்போது பின்சீலைப் பேசலாம். அதிலும் சொட்டை வெள்ளைத் துணியில் பிடியுங்கள்: டீசல் எஞ்சின் ஆயில் கறுப்பு. சிவப்பாக இருந்தால் ஆட்டோ கியர்பாக்ஸ் ஆயில், கந்தக நாற்றமடித்தால் கியர் ஆயில்.

முன்பக்கம் கசிந்தால் மட்டும் அவசரம். 4டி56-இல் டைமிங், அதாவது கிராங்கோடு வால்வுகள் இசைந்து ஓடுவது, பெல்ட்டில், கூடவே அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கு ஒரு சின்ன பெல்ட். கிராங்கின் முன்சீலோ, கேம் சீலோ, பேலன்ஸ் ஷாஃப்ட் சீலோ கசிந்தால் பெல்ட் ஆயிலில் ஊறும். ஊறிய பெல்ட் பல் வழுக்கினால் வால்வு பிஸ்டனில் அடிக்கும், ராக்கர் ஆர்ம்கள் உடையும். வால்வு பிழைத்தால் அதிர்ஷ்டம். பெல்ட் கவரின் அடியில் ஆயில் ஈரம் தெரிந்தால் மற்ற ஆராய்ச்சியை ஒத்திவைத்து முதலில் அதைத் திறங்கள்.

மூலத்தைக் கண்டுபிடித்தாகிவிட்டது, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வேர்க்கிறது என்று வையுங்கள். அப்போது அழுத்தம்தான் சந்தேகம். அழுத்தத்துக்குக் காரணம் நான்கு: போகிற வழி அடைபட்டது, ரிங் வழியாக அதிகம் வருகிறது, டர்போவிலிருந்து வருகிறது, வேக்யூம் பம்ப்பிலிருந்து வருகிறது. பெரும்பாலான பட்டறைகள் இரண்டாவதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன. காசு குறைவான வரிசையில் போவோம்.

பிரீதர் குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். உள்ளே கரி பிடித்து அடைந்திருக்கும், அல்லது ரப்பர் ஊறி உள்பக்கம் ஒட்டியிருக்கும். டாப்பட் கவருக்குள் ஆயிலைப் பிரிக்க ஒரு தகட்டு அறை உண்டு, அதில் சேறு கட்டும். கவரைக் கழற்றி டீசலில் ஒரு ராத்திரி ஊறவைத்துக் கழுவினால் போகும். ஏர் ஃபில்டரையும் அப்போதே பாருங்கள். அடைந்த ஃபில்டர் டர்போவின் வாயில் உறிஞ்சலை அதிகமாக்கி ஆயிலை இழுக்க வைக்கும். பிரீதரை நட்டு போட்டு அடைத்தால் ஆயில் போவது நின்றுவிடும் என்று சொல்பவரும் உண்டு. அப்படிச் செய்தால் அடுத்த மேட்டில் ஏதாவது ஒரு சீல் பிதுங்கும்.

பிறகு அழுத்தத்தை அளக்க வேண்டும். இதற்குக் கடையில் கருவி வாங்க வேண்டியதில்லை. சுமார் இரண்டு மீட்டர் கண்ணாடிக் குழாய், அதாவது உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப், ஒரு பலகைத் துண்டு. டியூபைப் பலகையில் 'ப'வைப் போல, இரு காலும் ஒரு முழத்துக்குக் குறையாத உயரத்தில் நிற்கக் கட்டி, நடுப்பகுதி வரை சாயம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு பழைய ஆயில் கேப்பில் துளை போட்டு நிப்பிள் வைத்து, டியூபின் ஒரு முனையை அதில் மாட்டுங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். ஆயில் ஸ்டிக் குழாயிலும் மாட்டலாம் என்பார்கள். ஆனால் அந்தக் குழாயின் அடி ஆயிலுக்குள் மூழ்கும் எஞ்சின்களில் அளவு தப்பும், அதனால் கேப்தான் நல்லது. பிரீதர் தன் இடத்தில் மாட்டியே இருக்க வேண்டும். சூடான எஞ்சினில் ஐடிலிலும், பிறகு 2,000 ஆர்பிஎம்-மிலும் இரு பக்கத் தண்ணீர் மட்டத்தின் வித்தியாசத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 100 மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல். ஆரோக்கியமான எஞ்சினில் தண்ணீர் துடித்தாலும் சமமட்டத்தை ஒட்டியே நிற்கும். டர்போ உறிஞ்சுவதால் ரேஸ் கொடுக்கும்போது எஞ்சின் பக்கம் சற்று ஏறக்கூடச் செய்யும். ரேஸ் கொடுக்கக் கொடுக்க வெளிப்பக்கம் சில அங்குலம் ஏறி அங்கேயே நின்றால் அழுத்தம் உண்மை. எத்தனை அங்குலம் வரை சரி என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், கோடு போட்டுச் சொல்லும் ஒரு எண்ணை நான் நம்புவதில்லை. இந்தத் தண்ணீர்க் குழாயின் பயன் வேறு. அடுத்து நீங்கள் ஒவ்வொன்றாகத் துண்டிக்கும்போது மட்டம் எப்போது இறங்குகிறது என்று அது காட்டிக்கொடுக்கும்.

முதலில் துண்டிக்க வேண்டியது, யாரும் நினைக்காத வேக்யூம் பம்ப். டீசலில் பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வேண்டிய உறிஞ்சலைத் தர ஒரு பம்ப் வேண்டும். உங்கள் எஞ்சினில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும், ஆயில் குழாய் போகிறதைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பம்ப் உறிஞ்சும் காற்று எல்லாம் ஆயிலோடு சேர்ந்து எஞ்சினுக்குள்தான் இறங்குகிறது. எல்லாம் சரியாக இருந்தால் பூஸ்டர் காலியானதும் காற்று வருவது நின்றுவிடும். பூஸ்டரின் டயஃப்ரம் கிழிந்தோ, வேக்யூம் ஹோஸ் வெடித்தோ இருந்தால் பம்ப் ஓயாமல் வெளிக்காற்றை இழுத்து கிராங்க் கேஸுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியே பார்க்க அச்சு அசல் பேக் கம்ப்ரஷன். வண்டி நின்றபடி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பம்ப்பிலிருந்து போகும் வேக்யூம் ஹோஸைத் துணி சுற்றிய இடுக்கியால் நசுக்கிப் பிடியுங்கள். தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கினால் ரிங்கையும் டர்போவையும் மறந்துவிடலாம், ஒரு ஹோஸோடு வேலை முடிந்தாலும் முடியும். பிரேக் மிதி சமீபத்தில் கெட்டியானதா என்று யோசித்துப் பாருங்கள், அதுவும் ஒரு சாட்சி. நசுக்கிய நிலையில் வண்டியை நகர்த்தவே கூடாது, பூஸ்டரின் உதவி இல்லாமல் பிரேக் பிடிப்பது மிகக் கடினம்.

அடுத்து டர்போ. இதில்தான் குற்றவாளியும் அப்பாவியும் இடம் மாறுகிறார்கள். டர்போவின் ஷாஃப்ட்டில் ரப்பர் சீல் கிடையாது, பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன இரும்பு வளையங்கள்தான். இரு பக்கமும் உள்ள வாயு அழுத்தம் உள்ளே தள்ளுவதாலும், ஆயில் தன் எடையிலேயே ரிட்டர்ன் குழாய் வழியாக இறங்கிவிடுவதாலும்தான் அது கசியாமல் இருக்கிறது. கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறினால் ஆயில் இறங்க முடியாது. டர்போவுக்குள் தேங்கி, வளையங்களைத் தாண்டி இன்டர்கூலர் பக்கமும் சைலன்சர் பக்கமும் போகும். புது டர்போ போட்டாலும் அதே கதைதான். ரிட்டர்ன் குழாயின் கேஸ்கெட்டில் தாராளமாகத் தடவிய சிலிக்கான் பிதுங்கி வழியை அடைத்தாலும் இதுவே நடக்கும், அடிக்கடி பார்க்கிற சங்கதி. மறுபக்கம், வளையம் தேய்ந்த டர்போ எக்ஸாஸ்ட் வாயுவை ரிட்டர்ன் வழியாகக் கிராங்க் கேஸுக்கு அனுப்பி, நல்ல ரிங் மேல் பழி போடும்.

பிரித்துப் பார்க்க, ரிட்டர்ன் குழாயை பிளாக் பக்கம் கழற்றி, ஹோஸ் மாட்டி ஒரு வாளியில் விடுங்கள். பிளாக்கில் உள்ள ஓட்டையை அடைத்துவிட்டு ஐடிலில் அரை நிமிடம் மட்டும் ஓட்டுங்கள், ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டு. மட்டம் இறங்கி, ஹோஸிலிருந்து ஆயிலோடு புகையும் வந்தால் டர்போதான். மட்டம் அசையாவிட்டால் டர்போ பெரும்பாலும் நிரபராதி. பெரும்பாலும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஐடிலில் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், கிடையாது, லோடில் மட்டும் கசிவதை இந்தச் சோதனை பிடிக்காது. ஷாஃப்ட்டை விரலால் ஆட்டிப் பார்ப்பவர்கள் கவனிக்க: பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது ஆயில் படலத்தில் மிதக்கும் பேரிங். முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரிந்தாலோ, பிளேடு சுவரில் உரசிய தடம் இருந்தாலோதான் டர்போவைக் கழற்ற வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு மட்டம் இறங்கவில்லை என்றால் சிலிண்டருக்குள் போகலாம். பழைய மெக்கானிக்கல் பம்ப் என்பதால் ஒரு எளிய வழி இருக்கிறது. ஐடிலில் டீசல் பீய்ச்சும் நாசில்களின் பைப் நட்டை ஒரு நேரத்தில் ஒன்றாகத் தளர்த்துங்கள், அந்த சிலிண்டருக்கு டீசல் போவது நிற்கும், துணியால் மூடி, கையும் கண்ணும் தள்ளி. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். எந்த சிலிண்டரை வெட்டும்போது குழாய்த் தண்ணீரின் துடிப்பு அடங்குகிறதோ அதில்தான் ரிங் உடைந்திருக்கும் அல்லது பிஸ்டன் விரிசல் விட்டிருக்கும். எதை வெட்டினாலும் ஒரே மாதிரி இருந்தால் நாலும் சமமாகத் தேய்ந்தது. பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட்: நாலு ஹீட்டர் பிளக்கையும் கழற்றி, டீசல் வெட்டும் சுவிட்சின் வயரை எடுத்துவிட்டு, நல்ல பேட்டரியில் சுற்ற வேண்டும். இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 21:1, பெட்ரோல் கேஜை மாட்டினால் கேஜ் உடையும். கையேட்டு அளவைவிட நான் முதலில் பார்ப்பது நாலுக்கும் இடையிலான வித்தியாசத்தை. அளவு குறைந்த சிலிண்டரில் ஆயில் ஊற்றி மறுபடி பார்க்கும் பெட்ரோல் பழக்கத்தை டீசலில் செய்யாதீர்கள். மேலே இடம் மிகக் குறைவு, ஊற்றிய ஆயிலே கம்ப்ரஷனை ஏற்றிக் காட்டிப் பொய் சொல்லும், அதிகம் ஊற்றினால் கனெக்டிங் ராடு வளையும். அதற்குப் பதில் பிஸ்டனை மேலே நிறுத்தி, கம்ப்ரஸர் காற்றை ஹீட்டர் பிளக் துளை வழியாக விட்டுக் காதால் கேளுங்கள். ஆயில் கேப்பில் இரைந்தால் ரிங், சைலன்சரில் இரைந்தால் வால்வு, ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் அல்லது ஹெட் கேஸ்கெட். கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் பேக் கம்ப்ரஷன் அடிப்பதுண்டு, ஆயில் பூசிய ரிங் மெதுவாகச் சுற்றும்போது சமாளித்துவிடும். அதனால் கம்ப்ரஷன் எண்ணை மட்டும் வைத்து எஞ்சினுக்கு நற்சான்று தர முடியாது.

ரிங்தான் என்று உறுதியானால் ஏன் தேய்ந்தது என்று பார்க்காமல் போடாதீர்கள். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். செம்மண் ஒட்டினால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போகிறது, புது ரிங்கும் சீக்கிரம் தேயும். எஞ்சினைப் பிரிக்க மனமில்லாமல் ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சின் வாங்க நினைத்தால், மீட்டர் கிலோமீட்டரைக் காட்டிப் பேசுவதை விட்டுவிட்டு, தண்ணீர்க் குழாயையும் கம்ப்ரஷன் கேஜையும் கையோடு கொண்டுபோய் ஓடவிட்டு அளக்கச் சொல்லுங்கள். ஓடவிட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

ஓட்டலாமா என்ற கேள்வி. பெல்ட் பக்கம் காய்ந்திருந்து, இன்டர்கூலர் குழாயில் படலம் மட்டும் இருந்தால், ஆயில் அளவைத் தினமும் பார்த்துக்கொண்டு மெதுவாக ஓட்டலாம். ஆயில் தேங்கி நின்றால் பா-அன் பயணத்தை நிறுத்துங்கள். தேங்கிய ஆயிலை எஞ்சின் உறிஞ்சிவிட்டால் அதுவே எரிபொருளாகி, சாவியை அணைத்தாலும் நிற்காமல் தானாக ரேஸ் ஏறும். அப்படி ஆனால் மேனுவல் கியரில் டாப் கியர் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளட்சை விட்டு அணையுங்கள். ஆட்டோ கியரானால் காற்று வாயைத் தட்டையான பலகையால் அடையுங்கள், கையால் அல்ல. முடியாவிட்டால் எல்லாரும் தள்ளி நின்றுவிடுங்கள். கசிகிறதே என்று ஆயில் ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றி வைப்பவர்கள் இந்த ஆபத்தைத் தாங்களே வரவழைக்கிறார்கள், இரண்டு கோட்டுக்கும் நடுவே நின்றால் போதும்.

உங்கள் விஷயத்தில் வரிசை இது: கழுவுதல், பிரீதர், தண்ணீர்க் குழாய், வேக்யூம் ஹோஸ். இவ்வளவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. டர்போ ரிட்டர்னையும் கம்ப்ரஷனையும் பக்கத்தில் ஆள் இருக்கும்போது செய்யுங்கள். ஐடிலில் எவ்வளவு, 2,000-த்தில் எவ்வளவு, ஹோஸை நசுக்கியதும் எவ்வளவு என்ற மூன்று அளவையும், ஹெட்டின் பின்பக்கம் ஈரமா காய்ந்ததா என்பதையும் இங்கே எழுதினால் மேற்கொண்டு பேசலாம்.